எரிமலையை நோக்கிப் படகு விட்டவர்

இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்ட மனிதர் மறைந்து ஏறக்குறைய 1,950 ஆண்டுகள் ஆகின்றன. படைவீரர், வழக்கறிஞர், அரசு அதிகாரி, கடைசியில் கடற்படைத் தளபதி என்று பல வேலைகள் பார்த்தவர். ஆனால் உலகம் அவரை இரண்டு காரணங்களுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஒன்று, அவர் எழுதிய ஒரு பெரிய புத்தகம். மற்றொன்று, அவர் இறந்த விதம். ரோமானியரான அவர் பெயர் பிளினி. அவருடைய சகோதரி மகனுக்கும் அதே பெயர் அமைந்துவிட்டதால், தாய்மாமனை மூத்த பிளினி என்றும் மருமகனை இளைய பிளினி என்றும் சொல்வது வழக்கம்.

எரிமலைகளைப் பற்றிப் படிப்பவர்கள் இந்தப் பெயரைத் தவிர்க்க முடியாது. புகையும் சாம்பலும் வானளாவ எழும் மிகக் கடுமையான வெடிப்புக்கு அறிவியலாளர்கள் பிளினி வகை வெடிப்பு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயருக்கு உரியவர் தன் வீட்டுக்கு எதிரே நின்ற மலை எரிமலை என்பதை அறியாமலே வாழ்ந்தவர்.

ஒரு நிமிடத்தையும் வீணாக்காதவர்

பிளினி கி.பி. 23 அல்லது 24-ல் வட இத்தாலியில், இன்று கோமோ என்று சொல்லப்படும் ஏரிக்கரை ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். இளம் வயதில் குதிரைப்படை அதிகாரியாக ஜெர்மனி எல்லையில் பணியாற்றினார். அங்கே இருந்தபோதே, குதிரைமேல் இருந்தபடி ஈட்டி எறிவது எப்படி என்று ஒரு சிறு நூல் எழுதினார். ஜெர்மானியப் போர்களின் வரலாற்றையும் 20 பகுதிகளாக எழுதினார். இவை எதுவும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

நீரோ மன்னன் காலத்தின் கடைசி ஆண்டுகளில் மனத்தில் பட்டதை எழுதினால் தலை தப்பாது. அந்த நாட்களில் பிளினி இலக்கணம் பற்றி எழுதிக்கொண்டு காலத்தைத் தள்ளினார். பிறகு வெஸ்பேசியன் பேரரசரானதும் நிலைமை மாறியது. ஸ்பெயினில் அரசின் வரவு செலவைக் கவனிக்கும் உயர் அதிகாரியாகப் பிளினி இருந்தார். ரோமில் இருக்கும்போது விடியும் முன்பே பேரரசரைப் பார்க்கப் போவார். பேரரசரும் இரவில் வேலை செய்கிறவர் என்பதால் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

அவருடைய அன்றாட வழக்கங்களை மருமகன் ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். சாப்பிடும்போது ஒருவர் புத்தகம் வாசிக்க வேண்டும், பிளினி குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார். ஒருமுறை வாசித்தவர் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தார். உடன் இருந்த நண்பர் அதைத் திருத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். பொருள் புரிந்துவிட்ட பிறகு எதற்காகத் திருப்பி வாசிக்கச் சொன்னாய், பத்து வரிக்கு மேல் போய்விட்டதே என்று பிளினி கோபித்துக்கொண்டாராம். குளிக்கும்போது தண்ணீருக்குள் இருக்கும் நேரம் மட்டும்தான் ஓய்வு. உடம்பைத் துவட்டும்போதே மறுபடி வாசிப்பு தொடங்கிவிடும். பயணத்தில் எழுத்தர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். குளிர்காலத்தில் அவர் கை விறைத்துப் போய் எழுத்து நின்றுவிடக் கூடாது என்பதற்காகக் கையுறை வேறு. மருமகன் தெருவில் நடந்து போவதைப் பார்த்துவிட்டு, பல்லக்கில் போனால் அந்த நேரத்தையும் படிப்புக்குப் பயன்படுத்தலாமே என்று கடிந்துகொண்டவர் அவர்.

இப்படிச் சேர்த்த குறிப்பேடுகள் மட்டும் 160. தாளின் இரு பக்கமும், பொடி எழுத்தில். ஸ்பெயினில் இருந்தபோது ஒருவர் இந்தக் குறிப்பேடுகளை 4 லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தார். செஸ்டர்ஸ் என்பது ரோமானிய நாணயம். அப்போது ஒரு சாதாரணப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ்தான். அதாவது ஒரு வீரன் 400 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தால் கிடைக்கும் தொகை. பிளினி விற்கவில்லை. தன் மருமகனுக்கே விட்டுச்சென்றார்.

மிளகுக் கணக்கு

அந்தக் குறிப்புகளிலிருந்து உருவானதுதான் 'இயற்கை வரலாறு' என்னும் 37 பகுதிகள் கொண்ட நூல். வானம், பூமி, விலங்கு, மரம், மருந்து, உலோகம், ஓவியம், மணிக்கற்கள் என்று எல்லாம் அதில் உண்டு. ஏறத்தாழ 2,000 நூல்களிலிருந்து 20,000 செய்திகளைத் திரட்டியதாக அவரே கணக்குக் கொடுக்கிறார். கி.பி. 77 வாக்கில் அதை வெஸ்பேசியனின் மகன் டைட்டஸுக்குக் காணிக்கையாக்கினார். அலுவல் மிகுந்த அவருக்கு முழுவதையும் படிக்க நேரம் இருக்காது என்பதால் முதல் பகுதி முழுவதையும் பொருளடக்கமாகவே அமைத்தார். எந்தச் செய்தியை யாரிடமிருந்து எடுத்தார் என்ற ஆசிரியர் பட்டியலும் அதில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் தணிக்கைக்காரர்களுக்குப் பதில் சொன்னவன் என்ற முறையில், இப்படி வவுச்சரோடு கணக்கு ஒப்படைத்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

நம் நாடும் அந்தக் கணக்கில் வருகிறது. இந்தியப் பொருள்களுக்காக ரோமானியப் பேரரசிலிருந்து ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் வெளியேறுகிறது என்று பிளினி கவலைப்பட்டிருக்கிறார். இன்றைய மொழியில் சொன்னால் அந்நியச் செலாவணி இழப்பு. பருவக்காற்றைப் பிடித்து 40 நாளில் கப்பல் வந்து சேரும் முசிறித் துறைமுகம், உள்நாட்டில் மதுரையில் இருந்து ஆண்ட பாண்டிய மன்னன், மிளகு விளையும் இடம் எல்லாம் அவர் எழுத்தில் உண்டு. கரும்மிளகு ஒரு ராத்தல் 4 தினாரியஸ் என்று விலையும் போட்டிருக்கிறார். அந்த ராத்தல் சுமார் 330 கிராம். விலையைச் செஸ்டர்ஸாக மாற்றினால் 16. ஒரு படைவீரனின் ஆறு நாள் கூலிக்கும் மேல்.

எல்லாமே சரியான செய்திகள் என்று சொல்ல முடியாது. கங்கை பிறக்கும் இடத்தில் வாயே இல்லாத மனிதர்கள் மணத்தை முகர்ந்தே உயிர் வாழ்கிறார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். கேட்டதை, படித்ததை எல்லாம் பதிவுசெய்யும் பழக்கத்தின் மறுபக்கம் அது.

எதிரே நின்ற மலை

கடைசியாகப் பிளினிக்குக் கிடைத்த பதவி, மிசேனம் என்ற ஊரில் இருந்த ரோமானியக் கடற்படையின் தளபதி. இன்றைய நேப்பிள்ஸ் வளைகுடாவின் வடமேற்கு முனையில் இருக்கிறது மிசேனம். அங்கிருந்து வளைகுடாவின் குறுக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் தெரிவது வெசுவியஸ் மலை.

எரிகிற மலைகளுக்குப் பிளினி தன் நூலில் ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார். சிசிலியின் எட்னா, அதன் அருகே உள்ள தீவுகள், துருக்கிப் பகுதியின் கிமேரா என்று தொலைதூர இடங்கள் எல்லாம் இருக்கின்றன. வெசுவியஸ் அந்தப் பட்டியலில் இல்லை. பொம்பெயி, ஹெர்குலேனியம் ஆகிய ஊர்களைச் சொல்லும்போது பக்கத்து அடையாளமாகவும், திராட்சை வகைகளைச் சொல்லும்போது விளைநிலமாகவும் மட்டும் அந்த மலை வருகிறது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. பல நூற்றாண்டுகளாக அந்த மலை அடங்கிக் கிடந்தது. சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள். கி.மு. 73-ல் அடிமைகளின் தலைவன் ஸ்பார்டகஸ் தன் ஆட்களோடு இந்த மலைமேல்தான் ஒளிந்திருந்தான். காட்டுத் திராட்சைக் கொடிகளை ஏணியாகத் திரித்து இறங்கித் தப்பினான். மலையுச்சியின் பாறைகள் எரிந்தவைபோல் தோன்றுவதைக் கண்டு, முன்பு இங்கே நெருப்பு இருந்திருக்க வேண்டும் என்று ஸ்ட்ராபோ என்ற கிரேக்க அறிஞர் பிளினிக்கு முந்தைய தலைமுறையிலேயே எழுதியிருந்தார். ஆனால் ஊர் மக்களைப் பொறுத்தவரை அது நல்ல மண்ணும் நல்ல மதுவும் தரும் மலை.

வங்கியில் நீண்ட நாள் வரவோ பற்றோ இல்லாத கணக்கை இயக்கமில்லாக் கணக்கு என்று ஒதுக்கி வைப்போம். ஒதுக்கி வைத்தாலும் இருப்பு அப்படியேதான் இருக்கும், வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். வெசுவியஸ் அப்படிப்பட்ட கணக்கு.

ஒரு முன்னறிவிப்பும் வந்தது. பிளினி இறப்பதற்கு 17 ஆண்டுகளுக்கு முன், கி.பி. 62 வாக்கில், பெரிய நிலநடுக்கம் ஒன்று பொம்பெயியைச் சேதப்படுத்தியது. அதன் பிறகும் சிறு அதிர்வுகள் அந்தப் பக்கத்தில் சகஜம். பூமிக்குள் அடைபட்ட காற்று வெளியேற வழி தேடுவதால்தான் நிலம் நடுங்குகிறது என்று பிளினி நம்பினார். நிலநடுக்கத்துக்கு அது காரணம் இல்லைதான். ஆனால் அடைபட்ட வாயு என்ற எண்ணம் எரிமலைக்கு மிக அருகில் வரும் எண்ணம்.

மலைக்குள் நடந்தது

நம் காலடியில் எங்கும் நெருப்புக் குழம்பு ததும்பிக் கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. 100 கி.மீ. ஆழத்தில் வெப்பம் 1,000 டிகிரிக்கு மேல் இருந்தாலும், மேலே உள்ள பாறைகளின் அழுத்தத்தால் அங்குள்ள பாறை உருகாமல் திடமாகவே இருக்கிறது. பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடும்போது தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதைப் போல.

அந்தப் பாறை சில இடங்களில் மட்டுமே உருகும். பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து, மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு தட்டுகள் விலகும் இடத்தில் அடிப்பாறை மேலெழும்பி, அழுத்தம் குறைந்து உருகும். ஐஸ்லாந்தில் நடப்பது இது. ஹவாய் போன்ற இடங்களில் ஆழத்திலிருந்து மிகுந்த வெப்பத்தோடு பாறை மேலேறி வருவதால் உருகும். மூன்றாவது வகையில் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும்போது, கடலடியில் இருந்த ஈரத்தையும் உள்ளே கொண்டுபோகும். அந்த நீர் சூடான பாறையோடு கலந்ததும் அது உருகும் வெப்பநிலை குறைந்துவிடும். ஐஸ் கட்டியில் கல்லுப்பைப் போட்டால் சீக்கிரம் உருகுகிறதே, அதைப் போன்றதுதான். இத்தாலியில் ஆப்பிரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் மோதும் இடத்தில் இப்படித்தான் எரிமலைகள் உருவாயின. நம் அந்தமானில் உள்ள பாரன் தீவு எரிமலையும் தட்டு அமிழ்வதால் பிறந்ததே.

உருகிய பாறைக்குழம்புக்கு மாக்மா என்று பெயர். சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைவு என்பதால் அது விரிசல்கள் வழியாக மேலே ஏறி, மலைக்கு அடியில் ஓர் அறைபோல் தங்கும். அதனுள் நீராவியும் மற்ற வாயுக்களும் கரைந்திருக்கும். குழம்பு தண்ணீர்போல் இளகியிருந்தால் வாயு சுலபமாக வெளியேறிவிடும், லாவா ஆறாக வழிந்தோடும். ஹவாயில் அப்படி. குழம்பு கெட்டியாக இருந்தால் வாயு உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

கோலி சோடா குடித்து வளர்ந்த தலைமுறை நாம். அடைத்திருக்கும்வரை பாட்டிலில் ஒரு குமிழ்கூடத் தெரியாது. கோலியை அழுத்தியதும் அழுத்தம் விடுபட்டு, கரைந்திருந்த வாயு முழுவதும் நுரையாகப் பொங்கும். எரிமலை வெடிப்பும் அதுதான். மேலே ஏறஏற அழுத்தம் குறைய, குழம்புக்குள் கோடிக்கணக்கான குமிழ்கள் உண்டாகிப் பன்மடங்கு விரியும். குழம்பு நுரையாகிச் சிதறும். அந்த நுரை ஆறினால் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல். இன்னும் பொடியாகச் சிதறினால் எரிமலைச் சாம்பல்.

படகு புறப்பட்டது

கி.பி. 79-ல் வெசுவியஸின் கோலி அழுந்தியது. ஆகஸ்ட் 24 என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் தேதி. ரோமானியர் நெருப்புக் கடவுளான வல்கனுக்கு விழா எடுப்பது ஆகஸ்ட் 23-ல். ஆங்கிலத்தில் எரிமலைக்கு வழங்கும் வால்கேனோ என்ற சொல்லும் அந்தக் கடவுளின் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் 2018-ல் பொம்பெயியின் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய அக்டோபர் மாதக் குறிப்பு ஒன்று கிடைத்ததால், வெடிப்பு அக்டோபரில் நடந்தது என்று இப்போது பலர் கருதுகிறார்கள்.

அன்று மதியம் ஒரு மணி இருக்கும். பிளினி வெயில் காய்ந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தபடி படித்துக்கொண்டிருந்தார். உடன் தங்கியிருந்த சகோதரி ஓடிவந்து, வானத்தில் விசித்திரமான மேகம் ஒன்றைக் காட்டினார். பிளினி செருப்பைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு மேடான இடத்துக்குப் போய்ப் பார்த்தார். அடிமரம் நெடிதுயர்ந்து, உச்சியில் கிளைகள் விரிந்த குடைப் பைன் மரம்போல் அந்த மேகம் நின்றது. எந்த மலையிலிருந்து கிளம்புகிறது என்று அங்கிருந்து முதலில் தெரியவில்லை. அது வெசுவியஸ் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வடிவத்துக்குக் காரணம் இன்று நமக்குத் தெரியும். மலை வாயிலிருந்து சீறிய வாயுவும் சாம்பலும் சுற்றியுள்ள காற்றை இழுத்துச் சூடாக்கி, அதோடு சேர்ந்து மேலே பறந்தன. 30 கி.மீ. உயரத்தைத் தாண்டிய அந்தத் தூண், மேற்காற்றின் அடர்த்திக்குச் சமமான இடத்தில் ஏற முடியாமல் பக்கவாட்டில் விரிந்தது.

புத்தகங்களில் மட்டும் எரிமலையைப் பார்த்தவருக்கு, நேரில் பார்க்க ஒரு வாய்ப்பு. வேகமாகச் செல்லும் சிறு கப்பல் ஒன்றைத் தயார்செய்யச் சொன்னார். மருமகனையும் அழைத்தார். 17 வயதுப் பையன், மாமா கொடுத்த எழுத்து வேலை பாக்கி இருப்பதாகச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டான்.

பிளினி வாசலைத் தாண்டும்போது ஒரு சீட்டு வந்தது. எழுதியவர் ரெக்டினா என்ற பெண்மணி. அவர் வீடு மலை அடிவாரத்தில், கடல் வழி தவிர வேறு வழி இல்லாத இடம். காப்பாற்றும்படி கேட்டிருந்தார். அந்த நொடியில் பயணத்தின் நோக்கமே மாறிவிட்டது. சிறு கப்பலுக்குப் பதிலாகப் பெரிய போர்க்கப்பல்களை இறக்கச் சொன்னார். ரெக்டினாவை மட்டுமல்ல, அந்தக் கரையோரத்தில் நெருக்கமாக வாழ்ந்த மற்றவர்களையும் ஏற்றிவரத் திட்டம். எல்லோரும் தப்பி ஓடிக்கொண்டிருந்த திசையை நோக்கி அவர் நேராகக் கப்பலைச் செலுத்தினார். அப்போதும் பழக்கம் விடவில்லை. மேகம் மாறும் ஒவ்வொரு வடிவத்தையும் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி எழுத வைத்துக்கொண்டே போனார்.

அருகே போகப் போகக் கப்பலில் சாம்பல் விழுந்தது. பிறகு நுரைக்கற்கள், பிறகு தீயில் வெடித்துக் கருகிய கற்கள். கரை நெருங்கியபோது கடல் திடீரென்று ஆழம் குறைந்து, விழுந்த கற்கள் கரையை அடைத்துவிட்டிருந்தன. மாலுமி திரும்பிவிடலாம் என்றார். பிளினி ஒரு கணம் தயங்கினார். பிறகு வளைகுடாவின் தென்கரையில் ஸ்டேபியே என்ற ஊரில் இருந்த தன் நண்பர் பொம்போனியானஸ் வீட்டுக்குக் கப்பலைத் திருப்பச் சொன்னார். ரெக்டினா என்ன ஆனார் என்று மருமகனின் கடிதம் சொல்லவில்லை.

ஸ்டேபியேயில் ஓர் இரவு

பொம்போனியானஸ் மூட்டை முடிச்சுகளைக் கப்பலில் ஏற்றிவிட்டுக் காற்று திரும்பக் காத்திருந்தார். பிளினியை உள்ளே கொண்டுவந்து சேர்த்த அதே காற்று, அங்கிருந்து யாரையும் வெளியேற விடவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த நண்பரைத் தழுவித் தேற்றினார் பிளினி. அவர் பயம் தெளியட்டும் என்று, தான் நிதானமாகக் குளித்தார், சிரித்த முகத்தோடு சாப்பிட்டார். மலையில் அங்கங்கே தெரிந்த நெருப்பைப் பார்த்து, குடியானவர்கள் விட்டுச்சென்ற வீடுகள் எரிகின்றன என்று சமாதானம் சொன்னார். பிறகு படுத்து உறங்கியும் விட்டார். பருத்த உடம்பு என்பதால் அவர் குறட்டை கதவுக்கு வெளியே கேட்டதாம்.

இரவில் முற்றம் சாம்பலாலும் கல்லாலும் நிரம்பிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் கதவைத் திறக்க முடியாது என்ற நிலையில் அவரை எழுப்பினார்கள். வீடு அதிர்வில் இப்படியும் அப்படியும் ஆடியது. வெளியே போனால் கல் மழை. எது குறைந்த ஆபத்து என்று யோசித்து, தலைமேல் தலையணைகளைத் துணியால் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வேறு இடங்களில் பொழுது விடிந்திருந்தது. அங்கே மட்டும் இருட்டு. பந்தங்களைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பிளினி ஒரு துணியை விரித்துப் படுத்து, இரண்டு முறை குளிர்ந்த தண்ணீர் கேட்டுக் குடித்தார். நெருப்பும் கந்தக நாற்றமும் நெருங்க, மற்றவர்கள் ஓடத் தொடங்கினார்கள். இரு அடிமைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார். ஏற்கெனவே மூச்சுத் தொல்லை உள்ளவர். அடர்ந்த புகையில் மூச்சு அடைத்திருக்கும் என்பது மருமகனின் ஊகம். உடன் இருந்தவர்கள் பிழைத்ததால், இதயம் நின்றிருக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மீண்டும் வெளிச்சம் வந்தபோது உடல் ஒரு காயமும் இல்லாமல், உறங்குகிறவர்போல் கிடந்தது. அவருக்கு வயது 55.

அந்த இரவும் மறுநாள் காலையும் வெசுவியஸின் வானளாவிய தூண் தன் எடையைத் தாங்க முடியாமல் சரிந்தது. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த வெள்ளம் மலைச்சரிவில் இறங்கியது. பல நூறு டிகிரி வெப்பம், எந்த மனிதனாலும் முந்தி ஓட முடியாத வேகம். ஹெர்குலேனியத்தின் கடற்கரைப் படகுக் கொட்டகைகளில் படகுக்குக் காத்திருந்த 300-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் 1980-களிலும் அதன் பிறகும் தோண்டியெடுக்கப்பட்டன. பொம்பெயியில் முதல் நாள் விழுந்த நுரைக்கல் மட்டுமே இரண்டரை மீட்டருக்கு மேல். அப்போதே வெளியேறியவர்கள் பலர் பிழைத்தார்கள். அடங்கிவிடும் என்று வீட்டுக்குள் காத்திருந்தவர்களை மறுநாள் வந்த வெள்ளம் கொண்டுபோயிற்று.

மருமகன் எழுதிய கடிதம்

மிசேனத்தில் இருந்த பையனும் தாயும் மறுநாள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். கடல் பின்வாங்கி, மணலில் மீன்கள் துடித்துக் கிடந்ததை அவன் பார்த்தான். கரிய மேகம் கடலைக் கடந்து துரத்தி வந்தது. வயதான நான் மெதுவாகத்தான் வர முடியும், என்னை விட்டுவிட்டு ஓடிவிடு என்று தாய் கெஞ்சினார். அவன் தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். இருட்டில் கூட்டம் மிதித்துவிடும் என்று பாதையோரம் உட்கார்ந்து, மேலே விழுந்த சாம்பலை எழுந்து எழுந்து உதறிக்கொண்டே இருந்தார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

சுமார் 25 ஆண்டுகளுக்குப் பின், வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் கேட்டதற்காக இளைய பிளினி இதையெல்லாம் இரண்டு கடிதங்களாக எழுதினார். டாசிட்டஸ் எழுதிய நூலில் அந்த ஆண்டைப் பற்றிய பகுதி அழிந்துவிட்டது. கடிதங்கள் நிலைத்தன. தான் கண்டதையும், உடன் இருந்தவர்களிடம் உடனே கேட்டதையும் மட்டுமே எழுதியதாக அவர் சொல்கிறார். அதனால்தான் 1980-ல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையும் 1991-ல் பிலிப்பைன்ஸின் பினடுபோ மலையும் வெடித்தபோது, பைன் மரம்போல் எழும் மேகத்துக்கு அறிவியலாளர்களிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. பினடுபோவும் சுமார் 500 ஆண்டுகள் அடங்கிக் கிடந்த மலைதான். ஆனால் அங்கே கருவிகள் வைத்துக் கவனித்து, முன்கூட்டியே எச்சரித்து, பல்லாயிரம் பேரை வெளியேற்றினார்கள்.

இன்றும் அதே மலை

வெசுவியஸ் கடைசியாக வெடித்தது 1944 மார்ச்சில். அதற்குப் பிறகு மறுபடியும் இயக்கமில்லாக் கணக்கு. 1841-ல் தொடங்கிய ஆய்வகம் ஒன்று அதை இரவும் பகலும் கண்காணித்து வருகிறது. மிக ஆபத்தான பகுதி என்று இத்தாலிய அரசு குறித்திருக்கும் சிவப்பு வட்டத்துக்குள் இன்று 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். அவர்களை 72 மணி நேரத்தில் வெளியேற்ற ஒரு திட்டமும் இருக்கிறது. கருவி எச்சரிக்கும். ஆனால் கதவைத் திறந்து இறங்கிவர வேண்டியவர்கள் மனிதர்கள்.

பிளினியை இரண்டு விதமாகப் பார்க்கலாம். இத்தனை படித்தும் எதிரே இருந்த மலையைப் படிக்காமல் விட்டவர். அது வெடித்தபோது, வேடிக்கை பார்க்கத் தயாராக்கிய கப்பலை ஒரு சீட்டைப் படித்ததும் மீட்புக் கப்பலாக மாற்றியவர். இரண்டும் ஒரே மனிதர்தான். முதலாவது நம் எல்லோரிடமும் இருக்கிறது. இரண்டாவது சிலரிடம்தான்.

இதை எழுதும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. சென்ற முறை நம் வளாகத்தில் தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தபோது, சிறு அதிர்வுகளுக்குப் பழகிப்போன அந்த ஊர் மக்களைப் போல நானும் ஒத்திகைதானே என்று காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். கீழே வந்து பார்த்தால், தனியாக வசிக்கும் முதியவர்களின் வீட்டுக் கதவுகளைத் தட்டி, அவர்களைக் கைபிடித்து இறக்கிக்கொண்டிருந்தார் நம் காவலாளி. படி இறங்க முடியாதவர்களுக்காக அவர் மறுபடி மேலே ஏறிப் போனார். அடுத்த முறை மணி அடிக்கும்போது காபி ஆறினால் ஆறட்டும், அவரோடு நானும் இரண்டு கதவைத் தட்டுவதாக இருக்கிறேன்.